வேலூர் வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கும் கருவி அறை: வீட்டின் பின்புறத்தில் நீங்களே கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

மண்வெட்டி, கடப்பாரை, மருந்து தெளிப்பான், பாதி தீர்ந்த பெயிண்ட் டப்பாக்கள், தோட்டத்துக் குழாய்ச் சுருள் ஆகியவை மாடிப்படியின் அடியில் குவிந்து கிடக்காத வீடு எங்கள் பக்கத்தில் அரிது. அவற்றுக்கென்று ஓர் அறை வேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன் நான் முதலில் போட்டது சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. முதல் ஆண்டிலேயே கம்புகளின் அடியில் கரையான் ஏறியது. அடுத்த ஐப்பசி மழையில் தரைவழியாகப் புகுந்த தண்ணீரில் இரண்டு மூட்டை சிமெண்ட் கல்லாகிப் போயின. பிறகு இடித்துவிட்டு முறையாக ஒன்றைக் கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்: வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு வட்டாரத்தில் இப்படிப்பட்ட அறையைக் கெடுப்பவை உயரமில்லாத தளமும் சுவரோடு நின்றுவிடும் கூரையும்தான். இவ்விரண்டையும் சரியாக அமைத்துவிட்டால், சுவர் வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர் செய்யும் சிறு பிசகுகள் பெரிதாகத் தெரியாது.

கீழே விவரிப்பது வெளிப்புற அளவில் 8 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள, 6 அங்குல சாலிட் பிளாக் (துளையில்லாத சிமெண்ட் கல்) சுவரும் கலர் ஷீட் (வண்ணம் பூசிய இரும்புத் தகடு) கூரையும் கொண்ட அறை. உள்ளே 7 அடிக்கு 5 அடி கிடைக்கும். கதவையும் அதன் சட்டத்தையும் மட்டும் வெல்டிங் பட்டறையில் செய்து வாங்க வேண்டும். மற்ற அனைத்தையும் இருவர் சேர்ந்து செய்துவிடலாம். ஒருவராகச் செய்ய முயல வேண்டாம், ஏனெனில் 6 அங்குல பிளாக் ஒன்று ஏறக்குறைய 25 கிலோ எடை இருக்கும்.

சுவரையும் தகரத்தாலேயே அமைத்தால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமாகிவிட்ட ஊரில், நான்கு பக்கமும் தகரம் அடைத்த பெட்டிக்குள் பிளாஸ்டிக் வாளி நெளிந்துவிடும், ரப்பர் குழாய் வெடித்துவிடும், பூச்சிமருந்து வீரியம் இழந்துவிடும். கருங்கல் தூண்கள் நமக்குப் பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கின்றன என்பது உண்மைதான்; வேலிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் அவற்றை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் பூட்டி வைக்க வேண்டிய அறைக்குத் தூண்களின் இடைவெளியை அடைப்பதே தனி வேலையாகிவிடும்.

எப்போது தொடங்குவது

பொங்கல் முடிந்ததும் தொடங்கிப் பங்குனிக்குள் முடிப்பது நல்லது. அப்போது மண் ஓரளவு ஈரமாக இருப்பதால் கடைக்கால் (அஸ்திவாரம்) தோண்டுவது எளிது, வெயிலும் கலவையை உடனே உறிஞ்சிவிடாது. அக்னி நட்சத்திர நாட்களில் கட்டினால், பூசிய கலவை கெட்டிப்படும் முன்பே உலர்ந்து வெடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் தோண்டிய பள்ளமே குளமாகிவிடும்.

இடமும் திசையும்

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதுதான். ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு பின்புறத்தைச் சுற்றி வந்து, அரை மணி நேரம் கழித்தும் ஈரம் பளபளக்கும் இடங்களை ஒதுக்கிவிடுங்கள். மேலே மின்கம்பி செல்லும் இடமும், தென்னை மரத்தின் நேர் அடியும் கூடாது. காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் போதும், ஷீட் நசுங்கிவிடும்.

மதில்சுவரை ஒரு பக்கச் சுவராக வைத்துக்கொண்டு மூன்று சுவர் மட்டும் எழுப்பும் வழக்கம் பரவலாக உள்ளது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய மதிலின் கடைக்கால் எவ்வளவு ஆழம் என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. மேலும் மழையில் ஊறிய சுவர் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2021 நவம்பர் மழையின்போது பேரணாம்பட்டில் சுவர் இடிந்து வீட்டின் மேல் விழுந்து 9 பேர் இறந்த துயரம் இந்த மாவட்டத்துக்கு நினைவூட்டியது. மதிலிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளிக் கட்டினால், பின்னால் போய்ச் சுத்தம் செய்யவும் வழியிருக்கும், கூரைத் தண்ணீர் அண்டை வீட்டு மண்ணில் விழுந்து மனத்தாங்கல் வராமலும் இருக்கும். நிலையான கட்டடம் என்பதால், மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி எதுவானாலும் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதியையும், எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளியையும் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு நூல் பிடியுங்கள்.

8 அடிச் சுவர்கள் வடக்கிலும் தெற்கிலும், 6 அடிச் சுவர்கள் கிழக்கிலும் மேற்கிலும் வருமாறு அமைத்தால், மாலை வெயில் அடிக்கும் பரப்பு குறையும். வேலூர் ஏறக்குறைய 12.9 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. எனவே கோடையில் கூரைச் சரிவு எந்தத் திசையில் இருந்தாலும் சூடு ஒன்றுதான். கதவு வீட்டிலிருந்து கண்ணில் படும் பக்கமாக இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்கள் கன்னி மூலையில்தான் பாரம் வைக்க வேண்டும் என்று சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. தென்மேற்கில் நிற்கும் அறை பிற்பகல் நிழலை வீட்டின் பக்கம் தள்ளும் என்பதால் அதில் நமக்கு இலாபமே.

வாங்க வேண்டியவை

6 அங்குல சாலிட் பிளாக் (16 × 8 × 6 அங்குலம்) உடைசலையும் சேர்த்து 250 தேவைப்படும். கடைக்காலுக்கு இதே பிளாக்கைப் படுக்கவைத்துக் கட்டப்போவதால் வேறு கல் வாங்க வேண்டியதில்லை. புதிதாக வார்த்த ஈரமான பிளாக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வார்த்து இரண்டு வாரமாவது நீர் காட்டியதையே, அதாவது நனைத்து இறுக வைத்ததையே கேளுங்கள். ஆணியால் கீறினால் பொடியாக உதிரக் கூடாது, இரண்டைத் தட்டினால் மந்தமான ஓசை வராமல் கணீரென்று கேட்க வேண்டும்.

சிமெண்ட் 9 மூட்டை ஆகும். அதை ஒரே நாளில் இறக்கி வைக்காமல், வேலை நடக்கும் வேகத்துக்கு ஏற்ப மூன்று தவணையாக வாங்குவது நல்லது. எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்) 25 கன அடி, பூச்சுக்கான நைசான பி-சாண்ட் 11 கன அடி, ஒன்றரை அங்குல ஜல்லி 10 கன அடி, முக்கால் ஜல்லி 12 கன அடி என்று சொன்னால் போதும். கடைக்காரர் சிறிய வண்டியில் அனுப்பிவிடுவார். பாலாற்று மணல் என்று சொல்லி இரவில் கொண்டுவந்து தரும் சரக்கு சட்டத்துக்கும் புறம்பு, அதில் எவ்வளவு களிமண் கலந்திருக்கிறது என்பதும் விடிந்த பிறகுதான் தெரியும்.

சுவரின் தலையில் சுற்றிலும் போடும் கான்கிரீட் பெல்ட்டுக்கு 10 மி.மீ. கம்பி ஏறக்குறைய 60 அடி வேண்டும். கூரைக்கு 2 அங்குலச் சதுர ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், 20 அடி நீளத்தில் இரண்டு வாங்கினால், பாதியாக அறுத்து நான்கு துண்டுகள் கிடைக்கும். மூன்று கூரைக்கு, ஒன்று உள்ளே சாமான்கள் மாட்டுவதற்கு. கலர் ஷீட் 8 அடி நீளத்தில் மூன்று. அதன் மொத்த அகலம் மூன்றரை அடியானாலும், ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது போக ஒரு ஷீட் மூடும் அகலம் மூன்றேகால் அடிதான். எனவே மூன்று ஷீட்டும் சேர்ந்து 9 அடி 9 அங்குலம் மூடும். 0.45 மி.மீ. தடிமனுக்குக் குறைந்தது வேண்டாம். நிறத்தில், கடைகளில் அதிகம் விற்கும் செங்கல் சிவப்பையும் நீலத்தையும் விட்டுவிட்டு வெள்ளையையோ வெளிர் சாம்பலையோ எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் உள்ளே நுழைந்தால் வேறுபாடு தெரியும். பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடுகள் வீட்டில் கிடந்தால் அவற்றை அறுத்தோ துளையிட்டோ பயன்படுத்தாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீர் கெட்டது 1996-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை சென்ற விஷயம். அந்தப் பகுதியில் உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரித்தால், அதைக் கொண்டு கம்பி போட்ட கான்கிரீட் கலக்கக் கூடாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456, கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்றும், கம்பியில்லாததற்கு 2000 வரை இருக்கலாம் என்றும் வரையறுக்கிறது. நீரைச் சோதித்துப் பார்க்க வசதியில்லாவிட்டால், பெல்ட் கலவைக்கு மட்டுமாவது குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து குடம்தான் ஆகும்.

நூல் பிடித்தல்

8 × 6 என்ற அளவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 6, 8, 10 என்பது செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள். எனவே நான்கு மூலையிலும் முளையடித்து நூல் கட்டிய பிறகு, எதிரெதிர் மூலைகளுக்கு இடையே டேப்பைப் பிடித்தால் இரண்டு குறுக்களவும் சரியாக 10 அடி இருக்க வேண்டும். மூலைமட்டத்தை நம்புவதைவிட இது பிசகாத வழி. அரை அங்குல வேறுபாடு இருந்தாலும் முளையை நகர்த்திச் சரிசெய்யுங்கள், ஏனெனில் கடைக்காலில் விட்ட பிசகு கூரையில் ஷீட் போடும் நாளில்தான் முழுவதுமாகக் கண்ணுக்குத் தெரியும்.

மூலையிலேயே முளையடித்தால் தோண்டும்போது அது பிடுங்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு நூலையும் மூலையைத் தாண்டி இரண்டடி நீட்டி, வெளியே அடித்த முளைகளில் கட்டுங்கள். நூல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடமே உங்கள் மூலை. தோண்டும்போது நூலை அவிழ்த்துவிட்டுப் பிறகு அதே முளையில் மீண்டும் கட்டிக்கொள்ளலாம்.

கடைக்காலும் தளமும்

சுவரின் நடுக்கோடு பள்ளத்தின் நடுவில் வருமாறு, 15 அங்குல அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட பள்ளத்தைச் சுற்றிலும் தோண்ட வேண்டும். எங்கள் பக்கச் செம்மண்ணில் இந்த ஆழத்தில் கெட்டியான மண் வந்துவிடும். சத்துவாச்சாரி போன்ற மலையடிவாரப் பகுதிகளில் ஓரடியிலேயே பாறை தட்டலாம். அங்கே பாறையைக் குடையாமல், அதைக் கழுவிவிட்டு மேலேயே கான்கிரீட் போட்டு மட்டப்படுத்தலாம். கரிசல் அல்லது களிமண்ணாக இருந்தால் கெட்டி மண் வரும்வரை இறங்கி, கூடுதல் ஆழத்தை மணலால் நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்து மேலே வர வேண்டும். பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் கரையான் மருந்தை, அதன் புட்டியில் குறிப்பிட்ட அளவில் தண்ணீரில் கலந்து, கையுறை அணிந்து ஊற்றுங்கள்.

அடியில் 4 அங்குலக் கான்கிரீட். சிமெண்ட் ஒரு பங்கு, எம்-சாண்ட் நான்கு, ஒன்றரை ஜல்லி எட்டு. மொத்தத்துக்கும் ஒரு மூட்டை சிமெண்ட்தான் ஆகும். டியூபில் தண்ணீர் நிரப்பி நான்கு மூலையிலும் ஒரே மட்டம் பார்த்துக் குச்சி அடித்துவிட்டு, அந்தக் குச்சிகளின் தலைமட்டத்துக்குக் கான்கிரீட்டைப் பரப்புங்கள். நிலம் சரிந்திருப்பதைப் பார்த்துக் கான்கிரீட்டையும் சரித்துவிடுவதுதான் முதல்முறை கட்டுபவர்கள் அதிகம் செய்யும் தவறு.

இரண்டு நாள் கழித்து, பிளாக்கைப் படுக்கவைத்து 8 அங்குல அகலத்தில் நான்கு வரி கட்டுங்கள். ஒரு வரி 6 அங்குலமும் கலவை அரை அங்குலமுமாக நான்கு வரிக்கும் 26 அங்குலம் வரும். அதில் 14 அங்குலம் மண்ணுக்குள் போக, சுற்றுத்தரைக்கு மேல் ஓரடி உயரம் நிற்கும். இந்த ஓரடியைக் குறைக்க வேண்டும் என்று தோன்றும், தள்ளுவண்டியை ஏற்ற முடியாதே என்று வீட்டில் சொல்வார்கள். குறைக்காதீர்கள். வாசலில் ஒரு சாய்தளம் போட்டுக்கொள்ளலாம், ஆனால் தாழ்ந்த தளத்தைப் பிறகு யாராலும் உயர்த்த முடியாது.

நான்காம் வரியின் மேல் ஓர் அங்குலத் தடிப்பில் 1:3 கலவையை (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் மூன்று), நீர்க்கசிவைத் தடுக்கும் பொடி சேர்த்துப் பூசினால், மண்ணின் ஈரம் சுவரில் ஏறாது. இதைச் செய்யாத சுவர்களில்தான் அடியில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வதைக் காண்கிறோம். உள்ளே கிராவல் மண்ணை ஆறு அங்குலமாகக் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசால் இடித்து நிரப்புங்கள். தளக் கான்கிரீட்டைச் சுவர், கூரை வேலைகள் முடிந்த பிறகு போடுவதே வசதி. நிழலில் போட்ட தளம் வெடிக்காது.

சுவர்

செங்கல்லை ஊறவைத்துக் கட்டிப் பழகிய கை, பிளாக்கையும் தொட்டியில் போடப் பார்க்கும். அது தவறு. ஊறிய சிமெண்ட் பிளாக் பிறகு உலரும்போது சுருங்கி இணைப்புகளில் கீறல் விடும். வெயிலில் சூடேறியிருந்தால் கலவை படும் பக்கத்தில் தண்ணீரைத் தெளித்து நனைத்தால் போதும்.

கலவை 1:6. நீர் சேர்த்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் தீரும் அளவுக்கே கலக்குங்கள். இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பயன்படுத்தக் கூடாது. முதலில் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு கல் வைத்து, மட்டமும் தூக்குக்குண்டும் பார்த்து, மூலைகளுக்கு இடையே நூல் கட்டி, நூலை ஒட்டி இடைக்கற்களை வையுங்கள். கல் நூலைத் தொடாமல் ஒரு நூலிழை தள்ளி நிற்க வேண்டும். தொட்டால் நூல் வெளியே தள்ளப்பட்டுச் சுவர் வயிறு தள்ளிவிடும். கீழ்வரியின் இணைப்புக்கு நேர் மேலே மேல்வரியின் இணைப்பு வராதபடி பாதிக் கல் மாற்றிக் கட்ட வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஒரு நாளில் நான்கு வரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். கீழ்க் கலவை இறுகும் முன் மேலே பாரம் ஏறினால் சுவர் சாயும்.

கதவுச் சட்டத்தை முதல் வரி கட்டும்போதே நிறுத்திவிட வேண்டும். 3 அடி அகலமும், ஒன்பது வரி உயரத்துக்குச் சரியான 6 அடி 4½ அங்குல உயரமும் சொல்லி, பக்கத்துக்கு மூன்று பிடிப்புக் கம்பிகள் வைத்துப் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். மூலையிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி சுவர் விட்டு நிறுத்துங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்ளே இருப்பது 35 சதுர அடிதான். கதவின் அடியில் விடும் சந்து கால் அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கட்டுவிரியன் நுழைய ஒரு விரல் சந்து போதும். எலி நுழையும் இடத்துக்குப் பாம்பும் பின்னாலேயே வரும்.

காற்றோட்டத்துக்குக் கிழக்கு, மேற்குச் சுவர்களில் எட்டாம் வரியில் ஒவ்வொரு சிமெண்ட் ஜாலி (துளைகள் கொண்ட கல்) வைத்து, உட்புறத்தில் கால் அங்குலக் கண் கொண்ட கம்பிவலையை அடித்துவிடுங்கள். கடப்பாக்கல் அலமாரி வேண்டுமானால், சுவர் ஏறும்போதே 4 அங்குலம் சுவருக்குள் செருகிக் கட்டுவது பிறகு வெட்டிச் செருகுவதைவிட நூறு மடங்கு நல்லது.

ஒன்பதாம் வரி முடிந்ததும் சுற்றிலும் 4 அங்குலக் கனத்தில் கான்கிரீட் பெல்ட். சிறிய அறைக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கதவுக்கு மேல் இதுவே சுவரைத் தாங்கும் லிண்டலாகிவிடுகிறது, கூரையைப் பிடித்துவைக்கும் போல்ட்டுகளுக்கு இதுவே வேராகிறது, நான்கு சுவரையும் கயிறு கட்டியதுபோல் சேர்த்துப் பிடிக்கிறது. 2021 நவம்பர் 29 அதிகாலையில் வேலூர்ப் பக்கம் 3.6 அளவில் நில அதிர்வு உணரப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். இருபுறமும் பலகை அடைத்து, இரண்டு 10 மி.மீ. கம்பிகளை மூலைகளில் வளைத்துச் சுற்றிக் கட்டி, கம்பிக்கு அடியில் ஓர் அங்குலம் கான்கிரீட் மூடும்படி இடைவெளி விட்டு, 1:2:4 கலவையை (சிமெண்ட், எம்-சாண்ட், முக்கால் ஜல்லி) ஊற்றிக் குச்சியால் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். கம்பி நுனிகள் சேரும் இடத்தில் குறைந்தது ஒன்றரை அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும்.

ஈரமாக இருக்கும்போதே 12 மி.மீ. ஜே போல்ட்டுகளை (அடிமுனை கொக்கிபோல் வளைந்தவை) செங்குத்தாகப் பதியுங்கள். கூரை உயர்ந்து வரும் 8 அடிச் சுவரை முன்சுவர் என்றும், எதிரே உள்ளதைப் பின்சுவர் என்றும் சொல்கிறேன்: பின்சுவரில் 7 அங்குல நீளத்தில் மூன்று, முன்சுவரில் 15 அங்குல நீளத்தில் மூன்று, இரண்டு பக்கச் சுவர்களின் நடுவில் 11 அங்குல நீளத்தில் ஒவ்வொன்று. முன்சுவர் போல்ட்டுகள் அடுத்து வரும் பத்தாம் வரியின் இணைப்புகளுக்குள் மேலேறி வரவேண்டும் என்பதால், கற்களை உலர்வாக ஒருமுறை அடுக்கிப் பார்த்து இணைப்பு எங்கே விழுகிறது என்று குறித்துவிட்டுப் பதிப்பது அவசியம். நான் குறிக்காமல் பதித்துவிட்டு இரண்டு கற்களை உளியால் குடைந்தேன்.

பக்கப் பலகைகளை மறுநாள் கழற்றலாம், கதவின் மேலுள்ள அடிப்பலகையையும் அதைத் தாங்கும் முட்டுக்கம்பையும் 14 நாள் வரை எடுக்க வேண்டாம். வெப்பமான வறண்ட சூழலில் குறைந்தது 10 நாள் நீர் காட்ட வேண்டும் என்பது தரவிதி. காலையும் மாலையும் குழாய் பிடிப்பது இந்த வெயிலுக்குப் போதாது. பெல்ட்டின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரை

முன்சுவரில் மட்டும் பெல்ட்டுக்கு மேல் பத்தாம் வரி ஏறுகிறது. அதாவது எட்டரை அங்குலம். 6 அடிக்கு எட்டரை அங்குலச் சரிவு ஷீட் கூரைக்குத் தாராளம். தனியாகச் சரிவு கணக்கிட வேண்டியதில்லை, ஒரு வரி கல்லே கணக்கைப் பார்த்துக்கொள்கிறது.

மூன்று பைப்பையும் 9 அடி 8 அங்குலத்துக்கு அறுத்து, அறுத்த முனைகளுக்கு ஜிங்க் பெயிண்ட் அடித்து, முனைத் துளைகளை மூடியால் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் குளவி கூடு கட்டும். முன்பைப்பும் பின்பைப்பும் சுவர்மேலேயே கிடக்கும். நடுப்பைப்பு பக்கச் சுவர்களின் மேல் உட்கார வேண்டும். முன்பைப்பின் மேலிருந்து பின்பைப்பின் மேல்வரை நூலை இழுத்துக் கட்டி, நடுப்பைப்பின் முதுகு அந்த நூலைத் தொடும் உயரத்துக்கு அடியில் கான்கிரீட் மேடை போட்டு நிறுத்துங்கள். பிறகு பக்கச் சுவர்களில் மீந்த முக்கோண இடைவெளியை வெட்டிய கல்லாலும் கலவையாலும் நிரப்பிவிடலாம்.

ஷீட் போடும் வேலையைக் காலையில், காற்றில்லாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி மாலைகளில் கோடைமழைக்கு முன் வீசும் காற்று இங்கே கூரையை மேலிருந்து அழுத்துவதில்லை, நீட்டிய விளிம்பின் அடியில் புகுந்து தூக்குகிறது. அதனால்தான் மேற்சொன்ன போல்ட்டுகள். வழக்கமாகக் காற்று வரும் திசைக்கு எதிர்முனையிலிருந்து ஷீட்டை அடுக்கி வந்தால், ஏறிய விளிம்பு காற்றுக்கு முகம் காட்டாது. முன்னும் பின்னும் ஏறக்குறைய ஓரடியும், பக்கங்களில் 10 அங்குலமும் கூரை வெளியே நீட்டி நிற்கும். சுவரைக் காப்பது இந்த நீட்டல்தான்.

ரப்பர் வாஷருடன் வரும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில் அடியுங்கள், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே துளை இருக்கும். முன், பின் பைப்புகளில் ஒன்றுவிட்ட மேடுகளிலும், நடுப்பைப்பில் ஷீட்டுக்கு இரண்டு இடங்களிலும், ஷீட்டுகள் ஏறும் இடங்களில் தவறாமலும் ஸ்க்ரூ வர வேண்டும். வாஷர் சற்றுப் பிதுங்கும் வரை முறுக்கினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் கிழிந்து, முதல் மழையில் இல்லாவிட்டாலும் மூன்றாம் மழையில் சொட்டும். இரும்பு 8 அடி நீளத்துக்கு, 40 டிகிரி வேறுபாட்டில், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீள்கிறது; நாள்தோறும் நடக்கும் இந்த அசைவைத் தாங்குவது அந்த ரப்பர்தான். ஸ்க்ரூ அடித்தபின் உதிர்ந்த இரும்புத்தூளை அன்றே துடைத்துவிடுங்கள், விட்டால் ஷீட்டில் துருப்புள்ளியாகிவிடும். ஷீட்டின் மேல் ஏற நேர்ந்தால் பைப் செல்லும் கோட்டின் மீது மட்டுமே கால் வையுங்கள்.

ஷீட்டின் நெளிவுக்கும் முன்சுவருக்கும் இடையே தெரியும் சிறு திறப்புகளைக் கலவையால் அடைக்காதீர்கள். உயரமான பக்கத்தில் சூடான காற்று வெளியேறுவது அவ்வழியாகத்தான். கம்பிவலை மட்டும் போதும். பின்பக்கத் திறப்புகளை அடைத்துவிடலாம்.

பூச்சு, தளம், தண்ணீர்

வெளிப்புறம் 1:5 கலவையில் அரை அங்குலப் பூச்சு. உட்புறத்துக்குப் பூச்சு வேண்டாம், இணைப்புகளைச் சீவிச் சுண்ணாம்பு அடித்தால் போதும். அந்தப் பணத்தை ஷீட்டின் தடிமனில் போடுங்கள். தளத்துக்கு 3 அங்குலத்தில் 1:2:4 கான்கிரீட் போட்டு, கதவுப் பக்கம் அரை அங்குலம் வாட்டம் கொடுத்து, வழுக்காதபடி மட்டப்பலகையால் சொரசொரப்பாக விடுங்கள். சிமெண்ட் வேலை முழுவதிலும் ரப்பர் கையுறை அவசியம். ஈரக் கலவை தோலை அரிப்பது அன்று தெரியாது, மறுநாள் தெரியும்.

இந்தக் கூரையின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர அடி. 25 மி.மீ. மழை பெய்தால் 180 லிட்டர் தண்ணீர் பின்பக்கம் ஒரே கோட்டில் விழும். அதை அப்படியே விட்டால் மண் அரித்துக் கடைக்கால் வெளியே தெரியும். கூரை விளிம்பில் ஒரு பி.வி.சி. வடிகால் தகடு பிடித்து 200 லிட்டர் டிரம்மில் விடுவது நல்லது; இயலாவிட்டால் சுவரிலிருந்து இரண்டடி அகலத்துக்கு ஜல்லி பரப்பி, வெளிப்பக்கமாக வாட்டம் கொடுங்கள்.

உள்ளே அடுக்குவது

மீந்த நான்காவது பைப்பை உட்சுவரின் 7 அடிக்கு அறுத்து, 5 அடி உயரத்தில் பின்சுவரோடு கிளாம்ப் வைத்து இறுக்கி, அதில் கொக்கிகள் மாட்டினால் மண்வெட்டி, களைக்கொட்டு, அரிவாள் எல்லாம் தொங்கும். கடப்பாரையைத் தொங்கவிடாமல் மூலையில் ஒரு பைப்புத் துண்டுக்குள் நிறுத்துங்கள். யூரியா மூட்டை காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும் என்பதால், தரையில் வைக்காமல் மரப்பலகையின் மேல், சுவரைத் தொடாமல் வைக்க வேண்டும். பூச்சிமருந்துக்குத் தனிப் பூட்டுள்ள பெட்டி. அதைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், குளிர்பானப் புட்டியில் மாற்றி ஊற்றி வைக்கும் பழக்கத்தை அறவே விடுங்கள். பெட்ரோலை இந்த அறையில் சேமிக்க வேண்டாம், ஷீட் கூரையின் அடியில் ஏறும் சூட்டில் கேன் உப்பி ஆவி கசியும்.

முதல் ஆண்டு ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறையும் ஏணி போட்டு ஸ்க்ரூக்களைச் சரிபாருங்கள். அடித்தளத்தைச் சுற்றிக் கரையானின் மண்புற்றுக் கோடு ஏறுகிறதா என்று பார்ப்பதற்காகவே, அந்த ஓரடி உயரத்தை மறைக்கும்படி விறகையோ சாக்கையோ சுவரோடு சாய்த்து வைக்காமல் வெறுமையாக விட்டிருக்கிறேன்.